அடாப்டர் எங்க மேடம்?



போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் கரண்ட் போய் வந்தது. ஃபேன் சுற்றியது, ஃபிரிட்ஜ் உறுமியது. கூடத்து அலமாரியின் மேல்தட்டில் இருக்கும் கறுப்புப் பெட்டி மட்டும் எழவில்லை. நீல விளக்கு மினுக்கியது, அணைந்தது, மறுபடி மினுக்கியது. ஹார்டு டிஸ்க் சுழலும் மெல்லிய சத்தம் கேட்கவே இல்லை.

'நாஸ்' என்று சொல்லப்படும் சேமிப்புப் பெட்டி அது. வீட்டு வைஃபையோடு சேர்த்துவிட்டால் எல்லாருடைய போனிலிருந்தும் லேப்டாப்பிலிருந்தும் அதில் போட்டு எடுக்கலாம். 2013-ல் வாங்கினேன். உள்ளே 2 டெராபைட் டிஸ்க்குகள் இரண்டு. பிள்ளைகளின் படங்கள், அம்மா சொல்லச் சொல்லப் பதிந்த சமையல் குறிப்புகள் எல்லாம் அதில்தான். ஆனால் அன்று என் வயிற்றைக் கலக்கியது வேறு. கேசட் காலத்தில் இந்த இதழுக்காக எடுத்த நேர்காணல்களும் அதற்குள்தான் இருந்தன. ஒரு தெருக்கூத்து வாத்தியார் விடிய விடியப் பாடிக்காட்டியது, ஒரு பாட்டி நாற்று நடும்போது பாடியதை நினைவிலிருந்து திரட்டிச் சொன்னது. அவர்களில் பலர் இன்று இல்லை. கேசட்டுகளிலும் பூஞ்சை ஏறிவிட்டது.

இந்த மாதிரி நேரத்தில் கை சும்மா இருக்காது. சுவிட்சைப் பத்துத் தடவை போட்டு அணைக்கத் தோன்றும். பின்னால் இருக்கும் ரீசெட் துளையில் ஊசியை விடத் தோன்றும். டிஸ்க்கைக் கழற்றி விண்டோஸ் கம்ப்யூட்டரில் மாட்டினால், அதற்கு அந்த டிஸ்க்கின் எழுத்துமுறை புரியாது; 'ஃபார்மேட் செய்யட்டுமா?' என்று கேட்கும். பதற்றத்தில் 'சரி' என்று அழுத்திவிட்டவர்களை எனக்குத் தெரியும். பெட்டி கெட்டதால் போனதைவிட, பெட்டியைப் பிழைக்கவைக்கப் போய்ப் போனதுதான் அதிகம் என்பது அவர்களைப் பார்த்து நான் உணர்ந்தது. அதனால் வயரைப் பிடுங்கிவிட்டு, ஒரு காப்பி போட்டுக் குடித்தேன்.

பிறகு டிஸ்க்குகளில் 1, 2 என்று எண் எழுதி ஒட்டிவிட்டு வெளியே எடுத்தேன். எது எந்த அறையில் இருந்தது என்பது பின்னால் முக்கியமாகலாம். வெறும் பெட்டியை ஆன் செய்தேன். விளக்கு நின்று எரிந்தது.

மறுநாள் சென்னை ரிச்சி தெருவுக்குப் பெட்டியை மட்டும் தூக்கிக்கொண்டு போனேன். பழைய மெக்கானிக் ஒருவர் அதைத் தொடக்கூட இல்லை.

"அடாப்டர் எங்க மேடம்?"

"வீட்டுல இருக்குங்க. அது நல்லாத்தான் இருக்கு, லைட் எரியுதே."

"டிஸ்க் இல்லாம லைட் நின்னுச்சா?"

"நின்னுச்சுங்க."

"அப்போ போர்டு உயிரோட இருக்கு. போய் அடாப்டரை எடுத்துட்டு வாங்க."

அவர் சொன்னதன் காரணம் எளிமையானது. ஓடிக்கொண்டிருக்கும் டிஸ்க்குக்கு மின்சாரம் கொஞ்சம் போதும். நின்றிருக்கும் தட்டைச் சுழலவைக்கும் அந்தச் சில விநாடிகளில்தான் ஒவ்வொரு டிஸ்க்கும் ஏறத்தாழ 2 ஆம்பியர் இழுக்கும். வயதான அடாப்டர் அதைத் தாங்காது. வருடக்கணக்காக அணைக்காமல் ஓடிய பெட்டி, ஒரே ஒரு கரண்ட் கட்டுக்குப் பிறகு எழாமல் போவது பல நேரம் இதனால்தான். நான் அடாப்டரோடு திரும்பியதும், அவர் தன்னிடமிருந்த வேஸ்ட் டிஸ்க்குகள் இரண்டை மாட்டி மல்டிமீட்டரை வைத்தார் (என் டிஸ்க்குகளைக் கேட்கவில்லை, அதற்கே அவரைக் கும்பிடலாம்). 12 வோல்ட்டில் நின்ற எண், டிஸ்க் சுழலத் தொடங்கியதும் 9-க்கு இறங்கியது. விளக்கு அணைந்தது. அடாப்டரை உடைத்துப் பார்த்தால் உள்ளே இரண்டு கெப்பாசிட்டர்களின் தலை உப்பியிருந்தது.

கெப்பாசிட்டருக்குள் இருக்கும் திரவம் சூட்டில் மெல்ல வற்றும். வெப்பம் 10 டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது அந்தத் தொழிலில் இருப்பவர்களின் கணக்கு. 105 டிகிரியில் 2,000 மணி நேரம் தாங்கும் என்று அச்சிட்ட ஒன்று, 65 டிகிரியில் 32,000 மணி நேரம் தாங்கும். பெரிய எண்தான். ஆனால் இரவும் பகலும் ஓடும் பெட்டிக்கு அது நாலு வருடம்கூட இல்லை. நானோ அடாப்டரையும் காற்றுப் படாமல் அலமாரி மூலையில் அடைத்துவைத்திருந்தேன்.

புது அடாப்டர் வாங்குகிறவர்கள் வோல்ட் அதேதானா, ஆம்பியர் குறையாமல் இருக்கிறதா, பின் பொருந்துகிறதா, பிளஸ் மைனஸ் மாறவில்லையா என்று பார்த்து வாங்குங்கள்.

அடாப்டரிலேயே எல்லாம் முடிந்துவிடாது. சில பெட்டிகளில் போர்டில் இருக்கும் பொத்தான் பேட்டரி தீர்ந்தாலும் எழாது. 2017-ல் இன்டெல்லின் ஆட்டம் சி2000 சில்லில், கடிகாரத் துடிப்பு தரும் பகுதி நாளடைவில் தேய்ந்து சாதனம் எழாமலே போகலாம் என்ற குறை வெளிவந்தது. அந்தச் சில்லு சில சேமிப்புப் பெட்டிகளிலும் இருந்தது. அப்படிப் போர்டே போனாலும் மனம் தளர வேண்டாம். இந்தப் பெட்டிகளில் பெரும்பாலானவை உள்ளே லினக்ஸில்தான் ஓடுகின்றன. டிஸ்க்கை லினக்ஸ் கம்ப்யூட்டரில் மாட்டி, எதையும் எழுதாமல் படிக்க மட்டும் செய்யத் தெரிந்தவர் பெரும்பாலும் மீட்டுவிடுவார். 'டக், டக்' என்று டிஸ்க் தட்டும் சத்தம் கேட்டால் மட்டும் உடனே அணைத்துவிட்டு, டேட்டா மீட்பவரிடம் கொண்டுபோங்கள். ஒவ்வொரு தடவை ஆன் செய்யும்போதும் உள்ளே இருக்கும் தட்டு இன்னும் கொஞ்சம் கீறப்படலாம்.

புது அடாப்டரை மாட்டியதும் என் பெட்டி அன்று மாலை எழுந்தது. பத்து நிமிடம் ஏதோ சரிபார்த்துக்கொண்டிருந்தது, கைகட்டிக் காத்திருந்தேன். பிறகுதான் 2-ம் எண் டிஸ்க்கில் பழுதான இடங்கள் பெருகிவருவதாகக் காட்டியது. ஒன்றில் இருப்பது அப்படியே மற்றதிலும் இருக்கும் 'ரெய்டு' ஏற்பாடு அது. 1988-ல் பெர்க்லி பல்கலைக்கழகத்து பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் மூவரும் எழுதிய கட்டுரையில் வந்த பெயர். இரண்டு டிஸ்க் இருக்கிறதே என்று இத்தனை வருடம் நிம்மதியாக இருந்துவிட்டேன். ஒன்றில் தவறி அழித்தால் அடுத்ததிலும் அழியும். ஒரே நாளில் ஒரே கடையில் வாங்கியவை ஒன்றாகவே மூப்படையும். அவற்றை இரண்டு பிரதி என்று எண்ணியது என் தவறு.

வேறெதையும் தொடாமல் முதலில் நேர்காணல்களைப் புது டிஸ்க் ஒன்றில் பிரதி எடுத்தேன். நள்ளிரவில் கூத்து வாத்தியாரின் கோப்பைத் திறந்தேன். பாட்டுக்கு நடுவே அவர் தண்ணீர் கேட்டு, செம்பைக் கீழே வைக்கும் சத்தம் வரை இருக்கிறது.

இன்னொரு பிரதி வேறு ஊரில் இருக்க வேண்டும். தங்கை வெள்ளிக்கிழமை தஞ்சாவூர் திரும்புகிறாள். இன்னொரு டிஸ்க்கில் பிரதி எடுத்து, அவளுடைய பையில் புடவைகளுக்கு நடுவே சுற்றிவைத்தேன். "இதை எங்க வைக்கிறது அக்கா?" என்றாள். ஈரம் படாத அலமாரியில் வை, பொங்கலுக்குப் பொங்கல் எடுத்து மாட்டி, பாடுகிறதா என்று கேட்டுப் பார் என்றேன்.

அன்புடன்,
ஆசிரியர்