சேலத்தில் போலிஷ் வகுப்பு வேண்டும்

ஐரோப்பிய ஒன்றியத்தில் லாரிச் சரக்கை அதிகம் சுமப்பவை போலந்து நிறுவனங்கள். ஆள் பற்றாக்குறையால் வெளிநாட்டு ஓட்டுநர்களைத் தேடுகிறார்கள். நம் பக்கமோ நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு என்று ஸ்டியரிங் பிடித்தே பிழைக்கிற ஊர்கள். இடையில் ஏஜென்ட் இருக்கிறார், விசா இருக்கிறது, விமான டிக்கெட் இருக்கிறது. இரண்டு மொழியும் தெரிந்த ஆளைத்தான் காணோம். அந்த ஆளை இங்கேயே உருவாக்க வேண்டும் என்பது என் கோரிக்கை.

சங்ககிரியில் லாரி ஓட்டுநர் வீட்டில் பிறந்தவள் நான். போலந்தின் வூச் நகரில் குடியிருந்தபோது போலிஷ் கற்றேன். இப்போது சேலத்திலிருந்து தொலைபேசி வழியாக இரு தரப்புக்கும் பேச்சை மாற்றிச் சொல்கிறேன். "அம்மணி, பேப்பரை நீட்டறாங்க, கையெழுத்துப் போட்றட்டுங்களா?" என்றார் ஓர் அண்ணன். "வரிவரியாச் சொல்றேனுங்கண்ணா, போடறதும் போடாததும் உங்க முடிவு" என்றேன். அவர் கையில் இருந்தது 'உமோவா ஸ்லெத்சென்யா', அதாவது வேலையை ஒப்படைக்கும் ஒப்பந்தம். 'உமோவா ஓ பிராத்செ' என்ற தொழிலாளர் ஒப்பந்தமாக இருந்தால், பணிக்காலம் 10 ஆண்டுக்குக் குறைவானவருக்கும் ஆண்டுக்கு 20 நாள் சம்பளத்தோடு விடுப்பு சட்டப்படி உண்டு. முன்னதில் அந்த உரிமை இல்லை. இரண்டும் பார்க்க ஒரே மாதிரி காகிதம். அவர் நிறுவனத்திடம் கேள்வி கேட்டார், நான் அதைச் சொன்னேன். என் கருத்து ஒன்றும் அதில் சேரவில்லை.

இந்த வேலையின் உயிர்நாடி இதுதான். நம்மூரில் நடுவில் நிற்பவர் அறிவுரையும் கலந்துதான் பேசுவார். பயிற்சி பெற்றவர் கலக்கக் கூடாது. ஓட்டுநர் "நான்" என்றால் நானும் "நான்" என்றே சொல்ல வேண்டும். கோபமாகச் சொன்னதைக் குழைவாக மாற்றக் கூடாது. கேட்ட ரகசியத்தை வீட்டில்கூடப் பேசக் கூடாது. மொழியறிவு மட்டும் இருந்தால் இது வராது, பழக்கித்தான் ஆக வேண்டும்.

இங்கிலீஷ் போதாதா என்று கேட்பார்கள். சாலையோர ஆய்வாளரிடம் நிற்கும்போது போதாது. நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிட ஓய்வு என்பது ஐரோப்பிய விதி (561/2006). லாரியிலுள்ள டாக்கோகிராஃப் கருவி ஓட்டிய நேரம், ஓய்வு எல்லாவற்றையும் பதிந்து வைத்திருக்கும். எத்தனை மணி நேரம் ஓட்டினீர்கள் என்று கேள்வி வரும். போலிஷில் ஒரு மணி நேரம் 'கோஜினா', இரண்டு முதல் நான்கு வரை 'கோஜினி', ஐந்திலிருந்து 'கோஜின்', இருபத்திரண்டில் மறுபடி 'கோஜினி'. எனக்கு நாக்கில் ஏறக் காலம் பிடித்தது. வேற்றுமைகள் ஏழு என்பதில் மட்டும் நாம் பயப்பட வேண்டியதில்லை, எட்டு வேற்றுமையைப் பள்ளியிலேயே படித்தவர்கள் நாம். மரியாதையும் நமக்குப் புதிதல்ல. கொங்குப் பேச்சில் 'ங்க' போடுவதைப் போல அவர்கள் ஆணை 'பான்' என்றும் பெண்ணை 'பானி' என்றும் சொல்லித்தான் பேசுவார்கள்.

வழக்கு என்று வந்துவிட்டால் மொழிபெயர்ப்பாளர் உதவி ஓட்டுநரின் உரிமை. குற்றம் சாட்டப்பட்டவருக்கு அது இலவசம் என்கிறது 2010-ல் வந்த ஐரோப்பிய ஒன்றியச் சட்டம். ஆனால் தமிழ் தெரிந்த ஆள் பக்கத்தில் கிடைக்காதபோது, ஆங்கிலம் தெரிந்த ஒருவரை உட்கார வைத்து முடித்துவிடுகிறார்கள். அரைகுறை ஆங்கிலத்தில் ஒரு டிரைவர் "யெஸ், யெஸ்" என்றே பதில் சொல்லிக்கொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறேன். வயிறு எரிந்தது.

இரு மொழிக்கும் உறவு புதிதல்ல. வார்சா பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பிக்கிறார்கள். உமாதேவி என்ற பெயரோடு இந்தியாவில் வாழ்ந்த வாண்டா தினோவ்ஸ்கா 1958-லேயே திருக்குறளைப் போலிஷில் தந்துவிட்டார். டெல்லி பல்கலைக்கழகத்தில் போலிஷ் வகுப்பு உண்டு. சேலத்துப் பெரியார் பல்கலைக்கழகமும் தொடங்கலாமே.

வகுப்பு மாலையிலும் ஞாயிறிலும் நடக்கட்டும். பாடத்தில் பாதி லாரித் தொழிலாக இருக்கட்டும்: ஒப்பந்தம், டாக்கோகிராஃப், விபத்து, ஆஸ்பத்திரி. ஆள் அனுப்பிக் காசு பார்க்கும் ஏஜென்டுகளும் லாரி உரிமையாளர் சங்கங்களும் செலவில் பங்கு கொடுக்கட்டும். முதல் வகுப்புக்குப் பாடம் சொல்ல நான் தயார்.