பறிபோன குரலை மீட்கும் கலை

1978 நவம்பர் 18 அன்று, தென் அமெரிக்காவின் கயானா நாட்டில் உள்ள ஜோன்ஸ்டவுன் குடியிருப்பில் 900-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்கள் ஜிம் ஜோன்ஸ் தலைமையில் இயங்கிய ‘மக்கள் ஆலயம்’ என்ற குழுவினர். செய்யாத குற்றங்களைச் செய்ததாக எழுதிக் கையொப்பமிடும்படி அக்குழு தன் உறுப்பினர்களை வற்புறுத்தியது. வெளியேற நினைப்பவர்களை மிரட்ட அந்தத் தாள்கள் பயன்பட்டன.

இத்தகைய குழுக்கள் பணத்தையும் உழைப்பையும் மட்டும் சுரண்டுவதில்லை. சுயமாகச் சிந்தித்துப் பேசும் துணிவையும் பறித்துவிடுகின்றன. வெளியே வந்த பிறகும் அச்சமும் வெட்கமும் வாயை அடைக்கின்றன.

இங்கேதான் கலை கைகொடுக்கிறது. ஓவியத்திலும் கவிதையிலும் தலைவர் சொல்லும் ‘சரியான விடை’ என்று எதுவும் இல்லை. எதை வரைவது, எதை மறைப்பது என்பதைப் படைப்பவரே முடிவு செய்கிறார்.

அக்குழுவிலிருந்து தப்பிய டெபோரா லேட்டன் 1998இல் தம் அனுபவங்களை நூலாக எழுதினார். பேரழிவுக்குச் சில வாரங்களுக்கு முன் விலகிய டெரி புஃபோர்ட் ஓஷேயின் கவிதைத் தொகுப்பு 2011இல்தான் வெளிவந்தது. இடைப்பட்ட காலம் 33 ஆண்டுகள்!

எனவே, அவசரம் கூடாது. ‘எல்லாவற்றையும் எழுது, எல்லாருக்கும் காட்டு’ என்று வற்புறுத்துவது, பழைய வாக்குமூலத்தையே மீண்டும் கேட்பதாகிவிடும். கலை மனநல ஆலோசனைக்கு மாற்றும் அன்று.

மாணவர்களே, அப்படி மீண்டு வந்த ஒருவரைச் சந்தித்தால், ‘எப்படி ஏமாந்தாய்?’ என்று கேட்காதீர்கள். அவர் எழுதியதைக் காட்ட விரும்பினால் பொறுமையாகப் படியுங்கள், விரும்பாவிட்டால் விட்டுவிடுங்கள்.