அம்மாவின் கைகளும் பத்துக் கிலோமீட்டரும்

கிள்ளானில் பிறந்து வளர்ந்த எங்களுக்குக் குளிர் என்றால் கேமரன் மலைதான். தானா ராத்தாவில் இரவு ஒரு ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு சூடாகத் தேநீர் குடித்தால் குளிர் பறந்துவிடும். அந்தத் துணிச்சலில்தான் ஜூன் மாதப் பள்ளி விடுமுறைக்கு நியூசிலாந்தின் தென் தீவுக்குக் கிளம்பினோம். நான், மனைவி, ஒன்பது வயது மகள், 72 வயது அம்மா. நமக்கு வெயில் கொளுத்தும் ஜூன், அங்கே குளிர்காலத்தின் தொடக்கம்.

வீட்டில் இரண்டு ஆண்டுகளாக மின்சாரக் கார்தான். ஈப்போ, பினாங்கு, ஜோகூர் என்று போய்வந்த அனுபவம் இருக்கிறது. நியூசிலாந்திலும் நம்மைப் போலவே சாலையின் இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும். விரைவுச் சார்ஜ் நிலையங்களில் நம் நாட்டில் உள்ள அதே சிசிஎஸ்2 பிளக்தான். எனவே கிறைஸ்ட்சர்ச்சில் வாடகைக்கும் மின்சாரக் காரையே எடுத்தேன்.

முழு சார்ஜில் 410 கிலோமீட்டர் போகலாம் என்று திரை காட்டியது. முதல் நாள் பயணம் டெக்காப்போ ஏரிக்கு, ஏறக்குறைய 230 கிலோமீட்டர். பாதிக்குச் சற்று மேல் செலவாகும் என்று கணக்குப் போட்டேன். ஆனால் மலைச்சாலை ஏறி, கடல் மட்டத்திலிருந்து சுமார் 700 மீட்டர் உயரத்தில் உள்ள அந்த ஏரிக்கரையை அடைந்தபோது மின்கலத்தில் 28 விழுக்காடுதான் மிச்சம்.

சார்ஜ் நிலையம் பக்கத்திலேயே இருந்தது. ஆனால் இருட்டிவிட்டது, மகளுக்குப் பசி, அம்மாவுக்குக் களைப்பு. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். தவறு அங்கேதான் தொடங்கியது.

மறுநாள் காலை வெளியே மைனஸ் 6 டிகிரி. கண்ணாடியெல்லாம் பனிக்கட்டி. சார்ஜ் நிலையத்தில் பிளக்கைச் செருகினால், நம் ஊரில் 70, 80 கிலோவாட் வேகத்தில் ஏறும் மின்சாரம் அங்கே 19 கிலோவாட்டில் ஊர்ந்தது. ஒரு மணி நேரம் காத்திருந்தும் 52 விழுக்காட்டைத் தாண்டவில்லை. குவீன்ஸ்டவுனுக்கு இன்னும் 250 கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது. நடுவில் 971 மீட்டர் உயரமுள்ள லிண்டிஸ் கணவாயையும் ஏறிக் கடக்க வேண்டும்.

பயந்துபோன நான் செய்த முதல் காரியம், காரின் ஹீட்டரை அணைத்தது. அடுத்த சார்ஜ் நிலையம் டுவைசல் என்ற சிற்றூரில், 58 கிலோமீட்டர் தூரத்தில் இருந்தது. கையில் இருந்த 52 விழுக்காடு அதற்குத் தாராளமாகப் போதும். ஆனாலும் மிச்சப்படுத்தியதெல்லாம் லாபம் என்று நினைத்தேன். "கொஞ்ச நேரம்தான், எல்லாரும் ஜாக்கெட்டைப் போட்டுக்குங்க" என்றேன். நான்கு பேரின் மூச்சில் முன்கண்ணாடி மங்கிக்கொண்டே வந்தது. மனைவி துணியால் துடைத்துக்கொண்டே வந்தார். பின்னால் அம்மா சால்வையைப் போர்த்தியபடி அமைதியாக இருந்தார். தூங்குகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

டுவைசலில் இறங்கக் கைகொடுத்தபோதுதான் தெரிந்தது, அம்மாவின் விரல்கள் பனிக்கட்டி போலச் சில்லிட்டிருந்தன. ஏற்கெனவே மூட்டுவலி உள்ளவர், விரல்களை மடக்கக்கூட முடியவில்லை.

"ஏம்மா சொல்லல?"

"சார்ஜ் பத்தலன்னு நீ கவலையா ஓட்டிக்கிட்டு இருந்தியேப்பா. நான் வேற எதுக்குத் தொந்தரவு பண்ணணும்னுதான்..."

பக்கத்து உணவகத்தில் அம்மா இரு கைகளாலும் தேநீர்க் குவளையைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்க, நான் ஒரு தாளில் கணக்குப் போட்டேன். அந்த மாதிரிக் காலையில் ஹீட்டர் சராசரியாக 2.5 கிலோவாட் இழுக்கும் என்று வைத்துக்கொள்வோம். 45 நிமிடத்துக்கு ஏறக்குறைய 1.9 யூனிட். அதை வைத்துக் கார் எவ்வளவு தூரம் ஓடும்? வெறும் பத்துக் கிலோமீட்டர். பெற்ற தாயை முக்கால் மணி நேரம் நடுங்க வைத்து நான் சம்பாதித்தது அவ்வளவுதான்.

குளிரில் என்ன நடக்கிறது?

குளிரில் மின்கலம் பாதி காலியாகிவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறோம். உண்மையில் மின்கலத்தின் பங்கு சிறியது. அமெரிக்க வாகனமோட்டிகள் சங்கமான ஏஏஏ 2019-ஆம் ஆண்டில் ஐந்து மின்சாரக் கார்களைச் சோதித்தது. மைனஸ் 6 டிகிரியில் ஹீட்டர் போடாமல் ஓட்டியபோது, ஓடும் தூரம் சராசரியாக 12 விழுக்காடு குறைந்தது. ஹீட்டரைப் போட்டதும் அது 41 விழுக்காடானது.

பெட்ரோல் காரில் இந்தச் சிக்கல் இல்லை. பெட்ரோலின் சக்தியில் பெரும்பகுதி எஞ்சினில் வெப்பமாக வீணாகிறது. அந்த வீண் வெப்பத்தைத்தான் இலவசமாக உள்ளே அனுப்புகிறார்கள். மின்சார மோட்டார் சிக்கனமானது, அதில் வீணாகும் வெப்பம் மிகக் குறைவு. எனவே உள்ளே சூடு வேண்டுமென்றால் மின்கலத்திலிருந்துதான் எடுக்க வேண்டும்.

சார்ஜ் மெதுவாக ஏறியதற்குக் காரணம் வேறு. மின்கலம் உறைநிலைக்கு அருகில் இருக்கும்போது வேகமாகச் சார்ஜ் செய்தால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து மின்கலம் கெட்டுவிடும். அதைத் தடுக்கக் காரே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. இன்று பல கார்களில் உள்ள லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை மின்கலங்கள் குளிரில் இன்னும் சோம்பேறிகள்.

போய்ச் சேர்ந்ததும் சார்ஜ்

நான் கற்ற முதல் பாடம் இது. மாலையில் ஓட்டி முடித்ததும் மின்கலம் சூடாக இருக்கும், அப்போது சார்ஜ் வேகமாக ஏறும். காலையில் அதே வேலைக்கு இரண்டு மடங்கு நேரம் ஆகலாம். பசியோ களைப்போ, முதலில் பிளக்கைச் செருகிவிட்டுச் சாப்பிடப் போங்கள்.

அதைவிட நல்லது, தங்கும் விடுதியிலேயே இரவு முழுக்கச் சார்ஜ் செய்வது. சாதாரண வீட்டு மின்செருகியில் 2 கிலோவாட் கிடைத்தாலும் பத்து மணி நேரத்தில் 20 யூனிட், ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தூரம். அறை பதிவு செய்யும்போதே அனுமதி கேளுங்கள், கட்டணம் இருந்தால் கொடுத்துவிடுங்கள். அதற்கான கேபிள் காரில் இருக்கிறதா என்று வாடகை நிறுவனத்தில் சாவி வாங்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

பிளக்கில் இருக்கும்போதே காரைச் சூடாக்குவது அடுத்த படி. பெரும்பாலான மின்சாரக் கார்களில் புறப்படும் நேரத்தைக் குறித்து வைக்கலாம். காலை 8 மணி என்று குறித்தால், சுவர் மின்சாரத்திலேயே உட்புறத்தைச் சூடாக்கிவிடும், சில கார்கள் மின்கலத்தையும் சேர்த்துச் சூடாக்கும். ஹீட்டர் அதிகம் மின்சாரம் குடிப்பது சில்லிட்ட காரைச் சூடாக்கும் அந்த முதல் இருபது நிமிடத்தில்தான். அதன் பிறகு சூட்டைத் தக்கவைக்கக் குறைவாகவே போதும். அதேபோல், வழியில் விரைவுச் சார்ஜ் செய்யப் போகிறீர்கள் என்றால் காரின் வழிகாட்டித் திரையிலேயே அந்த நிலையத்தைக் குறித்துவிடுங்கள். பல கார்கள் அங்கு போய்ச் சேருமுன் மின்கலத்தைத் தாமாகவே சூடாக்கிவைக்கும்.

ஆளைச் சூடாக்குங்கள்

கார் முழுவதும் உள்ள காற்றைச் சூடாக்க 2, 3 கிலோவாட் தேவை. ஓர் இருக்கையைச் சூடாக்க 50 முதல் 100 வாட் போதும். நாங்கள் எடுத்த காரில் முன் இருக்கைகளில் மட்டுமே அந்த வசதி இருந்தது. டுவைசலிலிருந்து அம்மாவை முன்னால் உட்காரவைத்தேன், மனைவி மகளோடு பின்னால் போனார். கடையில் ஒரு சுடுநீர்ப் பை வாங்கி, உணவகத்தில் வெந்நீர் கேட்டு நிரப்பி அம்மாவின் மடியில் வைத்தோம். ஹீட்டரை 19 டிகிரியில் நிறுத்தினேன். அதன் பிறகு யாரும் நடுங்கவில்லை.

ஹீட்டரை முழுவதும் அணைக்கவே கூடாது. கண்ணாடி மங்கினால் சாலை தெரியாது, இது சேமிப்பு சம்பந்தப்பட்ட விஷயமே இல்லை. காரைத் தேர்ந்தெடுக்க முடிந்தால் ஹீட் பம்ப் உள்ளதாகப் பாருங்கள். சாதாரண ஹீட்டர் ஒரு யூனிட் மின்சாரத்தில் ஒரு யூனிட் வெப்பம் தரும். ஹீட் பம்ப் மிதமான குளிரில் அதே மின்சாரத்தில் இரண்டு, மூன்று யூனிட் வெப்பம் தரும்.

வேகமும் டயரும்

குளிர்ந்த காற்று அடர்த்தியானது. பூஜ்ஜியம் டிகிரியில் உள்ள காற்று நம் ஊர்க் காற்றைவிடப் பத்து விழுக்காட்டுக்கும் மேல் கனமானது, கார் அதைத் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். அந்த எதிர்ப்பு வேகத்தின் இருமடியாகக் கூடும். அங்கே நெடுஞ்சாலை வேக வரம்பு 100 கிலோமீட்டர். அந்த 58 கிலோமீட்டரை நான் 90-ல் ஓட்டியிருந்தால் ஏறக்குறைய நான்கு நிமிடம் தாமதமாகியிருக்கும். ஹீட்டரை அணைத்து மிச்சப்படுத்தியதில் பாதிக்கு மேல் அதிலேயே கிடைத்திருக்கும்.

வெப்பநிலை ஐந்தாறு டிகிரி இறங்கினால் டயரின் காற்றழுத்தம் ஏறக்குறைய 1 பிஎஸ்ஐ குறையும். மலைப்பகுதிக்குப் போனதும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, பாதுகாப்புக்காக. காலை வேளையில் மின்கலம் குளிர்ந்திருக்கும்போது, காலை எடுத்ததும் கார் தானாக வேகம் குறைந்து சார்ஜ் செய்துகொள்ளும் அந்த வசதி சரியாக வேலை செய்யாது. பழக்கதோஷத்தில் பிரேக்கை மறந்துவிடாதீர்கள். சாலையிலும் கண்ணுக்குத் தெரியாத பனிப்படலம் இருக்கும்.

திரை காட்டும் தூரத்தில் மூன்றில் இரண்டு பங்கை மட்டும் நம்பித் திட்டமிடுங்கள். 20 விழுக்காட்டுக்குக் கீழே போகுமுன் அடுத்த நிலையத்தில் நின்றுவிடுங்கள். டுவைசலில் நாங்கள் அதைத்தான் செய்தோம். ஓடிச் சூடேறிய மின்கலத்தில் சார்ஜ் காலையைவிட இரண்டு மடங்கு வேகமாக ஏறியது. லிண்டிஸ் கணவாயைப் பாட்டுப் பாடிக்கொண்டே கடந்தோம்.

நமக்கு இது எதற்கு?

பிள்ளைகளைப் படிக்கவும் வேலைக்கும் குளிர்நாடுகளுக்கு அனுப்புகிறோம். விடுமுறைக்கும் அங்கே போகிறோம். வாடகைக் கார்களிலும் மின்சாரக் கார்கள் இனி கூடத்தான் போகின்றன. நார்வேயில் 2024-ல் விற்ற புதிய கார்களில் ஏறக்குறைய 89 விழுக்காடு மின்சாரக் கார்கள். அந்தக் குளிரிலேயே ஒரு நாடு அவற்றை ஓட்டுகிறது என்றால், பழக்கம் தெரிந்தால் போதும் என்றுதானே பொருள்.

நம் ஊருக்கும் இதில் ஒரு நல்ல செய்தி இருக்கிறது. அதே ஏஏஏ சோதனையில் 35 டிகிரி வெயிலில் ஏர்கோன் போட்டு ஓட்டியபோது குறைந்த தூரம் 17 விழுக்காடுதான். 35 டிகிரியிலிருந்து 24-க்கு இறக்க 11 டிகிரி வேலை, மைனஸ் 6-லிருந்து 21-க்கு ஏற்ற 27 டிகிரி வேலை. ஏர்கோன் போட்டால் சார்ஜ் போய்விடும் என்று பிள்ளைகளை வியர்க்கவிட வேண்டியதில்லை.

போன வாரம் அம்மாவை மருத்துவமனைக்கு அழைத்துப்போய்த் திரும்பும்போது கூட்டரசு நெடுஞ்சாலையில் நெரிசல். கார் நகரவே இல்லை. வெளியே வெயில் சுட்டது. திரையில் 31 விழுக்காடு என்று இருந்ததை அம்மா கவனித்துவிட்டார். டெக்காப்போவுக்குப் பிறகு அவரும் இதையெல்லாம் பார்க்கத் தொடங்கிவிட்டார்.

"ஏர்கோனை அணைச்சிடவாப்பா? எனக்கு ஒன்னும் ஆகாது."

"வேண்டாம்மா. ஒரு மணி நேரம் இப்படியே நின்னாலும் ஓரிரு யூனிட்தான் போகும். வீட்டுக்குப் போகத் தாராளமா இருக்கு."

நம்பாத மாதிரிதான் பார்த்தார். நானே குளிர்க்காற்றை ஒரு படி கூட்டி வைத்தேன்.

குளிர்நாட்டில் மின்சாரக் கார் ஓட்டிய அனுபவம் உங்களில் யாருக்காவது இருந்தால் எழுதி அனுப்புங்கள். அடுத்த வாரம் சந்திப்போம்.