இருபதுமுகி என்னும் சொல்

ஆறுமுகன், நான்முகன் என்னும் திருநாமங்களை இளமையிலேயே நாவிற் பழகிய நம்மவர்க்கு இருபதுமுகி என்னும் கேத்திரகணிதச் சொல் அந்நியமாகத் தோன்றாது. இருபது முகங்களையுடையது இருபதுமுகி. அவ்வளவே அதன் பொருள். கிரேக்கர் இட்ட பெயரிலோ முகம் இல்லை. ‘இருபது இருக்கை’ என்பதே அதன் சொற்பொருள்.

பொருள் தெளிவாயிருக்க, வழக்கே தடுமாறுகின்றது. அச்சொல்லைக் கேட்டவுடன் பெரும்பாலோர் எண்ணுவது யூக்கிளிட் தம் நூலின் 13ஆம் பகுதியில் அமைத்துக்காட்டிய ஒழுங்கான திண்மத்தையே. அதற்குச் சமபக்க முக்கோணிகள் 20, உச்சிகள் 12, விளிம்புகள் 30. உச்சிதோறும் கூடும் முக்கோணிகள் 5. ஆயின் 18 பக்கங்கொண்ட அடியையுடைய அரியத்துக்கும் முகங்கள் இருபதே. 19 பக்க அடியின்மீது எழுந்த கூம்பகமும் அத்தகையதே. இவை இருபதுமுகிகள் அல்ல என எங்ஙனம் மறுப்பது?

இவ்விடர் நீக்கவே போலும், ‘இருபதுமுக முக்கோணகம்’ என்றொரு பெயரும் வழங்குகின்றது. அதுவும் போதாது என்பது என் துணிபு. பத்துப் பக்கப் பல்கோணியொன்றின் மேலும் கீழும் கூம்பகம் அமைத்துப் பாருங்கள். இருபது முகங்களும் முக்கோணிகளே. உச்சிகள் 12, விளிம்புகள் 30. ஒயிலரின் தொடர்பும் இரண்டையும் வேறுபடுத்தாது. ஆயினும் இதன் இரு முனைகளிற் பத்து முக்கோணிகளும் ஏனை உச்சிகளில் நான்கும் கூடுகின்றன. ஒழுங்கு அங்கில்லை.

(சதுரமுகியின் பாடு இன்னும் வேடிக்கை. நான்முகி முகங்களின் தொகையாற் பெயர்பெற, சதுரமுகி அவற்றின் வடிவாற் பெயர்பெற்றது. ‘சதுர்முகன்’ பிரமனென்று கற்ற மாணவன் அதற்கு முகம் நான்கென்று எழுதினால் அவனை முழுதும் நோவதற்கில்லை.)

இது வெறுஞ் சொற்சண்டையன்று. பட்டிப்பொலச் சரிவுகளில் உருளைக்கிழங்கு பயிரிடுவோர் மக்கள், இலைச்சுருள் நோயைப் பற்றி உயிரியலிற் படிக்கும்போது இச்சொல்லையே மீண்டும் சந்திப்பர். அழுக்கணவன் பூச்சி பரப்பும் அந்நோயின் வைரசு, சுமார் 25 நனோமீற்றர் குறுக்களவினது; இருபதுமுகிச் சமச்சீருடையது. அதன் உறையில் தட்டையான இருபது முகங்களைத் தேடுதல் வேண்டா. ஒழுங்கான இருபதுமுகியை முன்னைய நிலையோடு பொருந்தச் செய்யும் 60 சுழற்சிகளும் அதற்கும் பொருந்தும் என்பதே கருத்து. உறையின் புரத அலகுகள் 180 ஆனதும் அறுபதின் மும்மடங்காகவே. சிறு வைரசுகள் இத்தகைய சமச்சீருடையனவாதல் வேண்டுமென 1956இல் கிரிக்கும் வாட்சனும் கூறினர். 1962இல் காஸ்பரும் குளூக்கும் அதனை விரித்தனர். இவ்விடத்தில் அரியத்தை நினைக்கும் மாணவனுக்கு ஒன்றும் விளங்காது. தமிழ்ப் பாடநூலையே பெரிதும் நம்பியிருக்கும் தோட்டத்துப் பிள்ளை, ஆங்கில நூலைப் புரட்டி ஐயந்தெளிதல் எளிதன்று.

ஆதலின் புதுச்சொல் படைக்க வேண்டா. இருபது முகமுடைய எத்திண்மத்துக்கும் இருபதுமுகி என்பதே பொதுப்பெயராய் நிற்க. யூக்கிளிட்டின் திண்மத்தைக் குறிக்குந்தோறும் ‘ஒழுங்கான’ என்னும் அடைமொழியைச் சோம்பலின்றிச் சேர்த்தெழுதுக. ஆசிரியப் பணியிலுள்ள பழைய மாணவர்கள் காகித அட்டையில் இரு திண்மங்களைச் செய்து வகுப்பில் அருகருகே வைக்கலாம்: ஒன்றுக்குச் சமபக்க முக்கோணிகள் இருபது, மற்றையதற்கு உச்சிக்கோணம் 36 பாகையிற் குறைந்த இருசமபக்க முக்கோணிகள் இருபது. முகங்களை எண்ணுமுன் உச்சிகளைத் தொட்டுப்பார்க்கும்படி பிள்ளைகளுக்குச் சொல்லுக.