‘பசிக்கலை’ என்பவளுக்கு யார் மருத்துவர்?

கும்மிடிப்பூண்டியில் இருப்பவர் தன் மாவட்டத் தலைநகரான திருவள்ளூருக்கு ரயிலில் போக வேண்டுமானால் முதலில் சென்னைக்கு வர வேண்டும். ஒன்று கூடூர் தடம், மற்றொன்று அரக்கோணம் தடம். இரண்டும் பேசின் பிரிட்ஜில்தான் சேர்கின்றன. திருவள்ளூரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஆனாலும் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் இரவு ஷிப்ட் முடித்து வரும் பெண்ணுக்கு நேர் வண்டி உள்ள சென்ட்ரலும், அங்கிருந்து கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகமும்தான் எளிது. இந்த நிலையில்தான் உண்ணுதல் கோளாறு உள்ளவர்களிடம் “உங்களுக்குப் பொருத்தமான சிகிச்சையாளரைத் தேடிக்கொள்ளுங்கள்” என்கிறார்கள். வார இறுதி விடுமுறையும் கையில் காசும் உள்ளவர்களுக்கான அறிவுரை அது.

தேடுவது இருக்கட்டும், நோய் இன்னதென்று முதலில் தெரிய வேண்டுமே! குண்டாகிவிடுவோம் என்ற பயமே இதன் அடையாளம் என்கின்றன மேலைநாட்டுப் பாடநூல்கள். ஹாங்காங்கில் மனநல மருத்துவர் சிங் லீ 1990-களில் வேறொன்றைக் கவனித்தார். எலும்பும் தோலுமாக வந்த பெண்களில் பலர் குண்டாவதைப் பற்றிப் பேசவே இல்லை. வயிறு உப்புகிறது, பசியில்லை என்றே சொன்னார்கள். நம் வீடுகளில் கேட்பதும் இதுதானே? “பசிக்கலைம்மா”, “சாப்பிட்டா குமட்டுது.” உடனே வயிற்று டாக்டர், எண்டோஸ்கோப்பி, கேஸுக்கு ஒரு சிரப், அதற்கும் அடங்காவிட்டால் திருஷ்டி கழிப்பு. மாதங்கள் இப்படியே ஓடிவிடும்.

நேர்மாறான பிழையும் நடந்திருக்கிறது. வட இந்தியப் பள்ளி மாணவிகளிடம் மேலைநாட்டுக் கேள்வித்தாள் ஒன்றைக் கொடுத்து கிங், புக்ரா இருவரும் 1989-இல் ஆய்வு வெளியிட்டார்கள். அளவுக்கு மீறிப் பலர் நோயாளிகளாகத் தெரிந்தார்கள். பதில்களைத் துருவிப் பார்த்தபோது, சில கேள்விகளுக்கு அந்தப் பெண்கள் விரதத்தையும் வீட்டு வழக்கத்தையும் மனதில் வைத்துப் பதில் சொல்லியிருந்தது புரிந்தது. ஆடி வெள்ளி விரதம் நோயாகத் தெரியலாம். நோய் விரதத்துக்குள் ஒளிந்துகொள்ளவும் செய்யலாம். “விரதம் முடிந்த மறுநாள் என்ன சாப்பிட்டாய்?” என்று கேட்கத் தெரிந்தவரே என் கணக்கில் பொருத்தமான சிகிச்சையாளர்.

கனிவு மட்டும் போதாது. சாப்பிட்டதை வாந்தியெடுத்து வெளியேற்றுபவரின் எடை இயல்பாகவே இருக்கலாம். உள்ளே பொட்டாசியம் குறைந்து இதயத் துடிப்பே தடுமாறலாம். ரத்தப் பரிசோதனையைப் பற்றிப் பேசாத, மருத்துவரோடு தொடர்பு வைத்துக்கொள்ளாத ஆலோசகரிடம் நீடிக்க வேண்டாம். கவுன்சலர் என்று யார் வேண்டுமானாலும் போர்டு மாட்டலாம். மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வுக் கழகப் பதிவு இருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்பது மரியாதைக் குறைவல்ல. முதல் நாளே டயட் சீட்டு எழுதி, “இளைச்சது நல்லாத்தாம்மா இருக்கு” என்பவரிடமிருந்து செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடலாம்.

பெரியவர்களுக்கு ஆக்ஸ்ஃபோர்டின் கிறிஸ்டோபர் ஃபேர்பர்ன் வகுத்த பேச்சுச் சிகிச்சை ஏறத்தாழ 20 அமர்வுகள். தொடக்கத்தில் வாரம் இருமுறை. எடை மிகவும் குறைந்திருந்தால் அதைப்போல் இரு மடங்கு. வாராவாரம் ஷிப்ட் மாறும் தொழிலாளிக்கு இது எப்படிச் சாத்தியம்? பதின்ம வயதினருக்கு லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் உருவான முறையில், பிள்ளையைச் சாப்பிட வைக்கும் பொறுப்பைப் பெற்றோரே ஏற்கிறார்கள். பள்ளி முடித்த கையோடு வேலைக்கு வந்து விடுதியில் தங்கியிருக்கும் பெண்ணின் தட்டருகே உட்கார யார் இருக்கிறார்கள்? வார்டனா?

இ.எஸ்.ஐ. பக்கம் பார்த்தால், நீண்ட கால நோய்களுக்கு 80 சதவீதக் கூலியோடு விடுப்பு தரும் பட்டியலில் 34 நோய்கள் உள்ளன. மனச்சிதைவும் கடும் மனச்சோர்வும் அதில் உண்டு. உண்ணுதல் கோளாறு இல்லை. மனநோயை உடல்நோய்க்குச் சமமாக நடத்த வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் சொன்ன பிறகும் அந்தப் பட்டியல் இப்படி இருப்பதற்கு நியாயம் எதுவும் எனக்குத் தென்படவில்லை.

14416 என்ற டெலி மானஸ் எண் 2022 அக்டோபர் முதல் இயங்குகிறது. தமிழிலும் இந்தியிலும் பேசலாம். வாயிற்கதவு என்ற அளவில் நல்லதுதான். ஆனால் 20 அமர்வுகளைத் தொலைபேசிக் குரல் தாங்காது. மாவட்ட மனநலத் திட்டத்தில் இருவருக்காவது இந்த நோயில் பயிற்சி தந்து, அவர்களில் ஒருவரை ரயில் தடத்துக்கு இந்தப் பக்கம், கும்மிடிப்பூண்டியில், ஷிப்ட் முடியும் நேரத்தில் உட்கார வைக்கலாம். இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் வயிற்றுவலி என்று வருபவரிடம் கேட்க, 1999-இல் பிரிட்டனில் வெளியான ஐந்தே கேள்விகள் இருக்கின்றன. அதிலொன்று, மூன்று மாதத்தில் ஒரு ‘ஸ்டோனுக்கு’ மேல் எடை குறைந்ததா என்கிறது. அந்த ஊர் நிறுத்தல் கணக்கு. தமிழாக்குபவர் அதை ஆறு கிலோ என்று மாற்றினால் மட்டும் போதாது, ‘விரதமில்லாத நாளில்’ என்ற சொல்லையும் எங்கேயாவது சேர்க்க வேண்டியிருக்கும்.