குகை நீரிலும் ஓர் உயிர்



பூமியிலுள்ள ஒவ்வோர் உயிருக்கும் உணவளிக்கும் பொறுப்பு அல்லாஹ்வினுடையது. அது தங்குமிடத்தையும் அவன் அறிவான். சூரா ஹூத் (11:6) நமக்கு உணர்த்தும் செய்தி இது.

ஸ்லோவேனிய நாட்டின் குகைகளில், ஒளி படாத குளிர்ந்த நீரில், ஓல்ம் என்னும் சலமண்டர் வாழ்கிறது. உருவில் பல்லி போன்றது. உறவில் தவளைக்கு நெருங்கியது. பார்வையற்றது, உணவின்றி ஆண்டுக்கணக்கில் உயிர்வாழக் கூடியது. அதற்கும் ரிஸ்க் அளந்து வைத்திருக்கிறான் இறைவன்.

நம் நாட்டில் சலமண்டர்கள் கிழக்கு இமயத்திலும் அதையொட்டிய வடகிழக்கு மலைகளிலும் மட்டுமே உண்டு. அவற்றைக் காக்கவென்றே டார்ஜிலிங் மலையிலுள்ள ஜோர்போக்ரியில் 1985இல் சிறு சரணாலயம் ஒன்று அமைக்கப்பட்டது.

அம்பத்தூரிலும் ஆவடியிலும் வாழும் நமக்கு இதில் என்ன கடமை என்று சிலர் கேட்கலாம். சலமண்டரின் உறவான தவளை நம் வாசலிலேயே இருக்கிறது. தவளையை மருந்தில் சேர்ப்பது பற்றி மருத்துவர் ஒருவர் கேட்டபோது, அதைக் கொல்வதை நபி (ஸல்) அவர்கள் தடை செய்தார்கள் என்ற செய்தி அபூதாவூதில் பதிவாகியுள்ளது. ஆயினும் மழை பெய்த மறுநாள் தவளைமீது கல்லெறியும் பிள்ளைகளைக் கண்டும் காணாதவர்போல் கடந்து செல்கிறோம்.

இவ்வுயிர்கள் ஈரத் தோலின் வழியாகவும் சுவாசிப்பவை. நீரில் கலக்கும் நஞ்சு நேரே அவற்றின் உடலில் இறங்கிவிடும். ஆகவே ஏரியில் கழிவைக் கொட்டுவதும் கல்லெறிவதற்கு ஒப்பானதே. ஒளூவுக்குத் தூய நீர் தேடும் சமுதாயம் பிற உயிர்களின் நீரை அசுத்தமாக்கலாமா?

பிள்ளைகளுக்கு இந்த நபிமொழியைக் கற்றுக்கொடுப்போம். ஏரிக்கரையில் குப்பை கொட்டும் கைகளைத் தடுப்போம். முதலில் நம் கைகளை. அல்லாஹ் நமக்கு அருள் புரிவானாக. ஆமீன்.