எந்த மாடி?



பிளஸ் டூ படிக்கும் என் மகள் ராத்திரி வெகுநேரம் லைட்டை அணைக்காமல் ஒரு நாவல் படித்துக்கொண்டிருந்தாள். கேத்தரின் மெக்கீ 2016-இல் எழுதிய 'தி தௌசண்ட்த் ஃப்ளோர்'. பார்ட்டி, காதல், பொறாமை... வழக்கமான டீன் கதைதானே என்று அலட்சியமாகத்தான் வாங்கிப் புரட்டினேன். பாதி சரி!

2118-ஆம் வருஷத்து மன்ஹாட்டனில் ஆயிரம் மாடிக் கட்டடம். (துபாய் புர்ஜ் கலீஃபாவுக்கே 163 மாடிதான்!) உச்சி மாடியில் ஏவரி. அப்பா அம்மாவின் மரபணுவில் நல்லதை மட்டும் பொறுக்கியெடுத்து உருவாக்கிய அழகி. 32-ஆவது மாடியில் ரைலின். அம்மா இல்லை, தங்கையைக் காப்பாற்றப் படிப்பை விட்டுவிட்டு, மேலே ஒரு பணக்காரப் பையன் வீட்டில் வேலை செய்கிறாள். மாடி எண்ணைச் சொன்னால் போதும், ஒருவரைப் பற்றி வேறெதுவும் கேட்க வேண்டியதில்லை.

என்னைத் தொட்டவள் இன்னொரு மேல்மாடிப் பெண், எரிஸ். பிறப்பு பற்றிய ஓர் உண்மை வெளியாக, அம்மாவோடு 103-ஆவது மாடிக்கு இறங்க வேண்டிவருகிறது. தோழிகளிடம் சொல்ல வெட்கம். அப்பாவுக்கு வேலை போனதை வகுப்பில் மறைக்கும் பிள்ளைகளை நாம் பார்த்ததில்லையா?

குறையையும் சொல்லிவிடுகிறேன். போதை மருந்து வருகிறது; தத்து அண்ணன்மேல் ஏவரிக்குக் காதல். சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம். கீழ்மாடி வாழ்க்கையைவிட மேல்மாடி கவுன்களில்தான் ஆசிரியைக்கு ஆசை அதிகம்!

ஆனால் எல்லாம் கற்பனை என்று தள்ளவும் முடியவில்லை. அதே மன்ஹாட்டனில், ரிவர்சைடு பகுதியில் எழுந்த ஓர் ஆடம்பரக் கட்டடத்தில், குறைந்த வாடகைக்காரர்களுக்குத் தனி வாசல் வைத்தார்கள். 'ஏழை வாசல்' என்று பத்திரிகைகள் கிழித்தன. அந்தக் கூச்சலுக்குப் பிறகு, வரிச்சலுகை வேண்டுமென்றால் வாசல் எல்லோருக்கும் பொதுவாக இருக்க வேண்டும் என்று 2015-இல் சட்டம் மாறியது. ஆனால் அந்தக் கட்டடத்தில் இருந்த 55 குறைந்த வாடகை வீடுகளுக்கு விண்ணப்பம் போட்டவர்கள் சுமார் 88,000 பேர். வாசல் விவகாரம் ஊரெல்லாம் நாறிய பிறகும்! வாடகை கழுத்தை நெரிக்கும்போது, எந்த வாசல் என்று யார் பார்ப்பார்கள்?

அதனால் புத்தகத்தைப் பிடுங்கவில்லை. மகளிடம் ஒன்றுதான் கேட்டேன்: "ரைலினுக்கு மேல்வீட்டு அலமாரிகூடத் தெரியும். மேல்வீட்டுக்காரர்களுக்கு அவள் வீடு தெரியுமா?"

அவள் யோசித்துவிட்டு, "நம்ம வீட்டுக்கு வேலைக்கு வர்ற அக்கா வீடு எங்கேம்மா இருக்கு?" என்றாள்.

ஆறு வருஷமாக வருகிறார். எனக்குத் தெரியவில்லை.

அன்புடன்,
ஆசிரியர்